லெட்யூஸ் குருத்து நுனி கருகுது: ஃபேன் எந்தப் பக்கம் வைக்கலாம்?

வணக்கம். வீட்டுக்குள்ளே 20 லிட்டர் டப்பாவில், மண்ணும் மோட்டாரும் இல்லாமல், உரம் கரைத்த தண்ணீரிலேயே வளர்க்கும் கிராட்கி முறையில் லெட்யூஸ். எல்இடி தினம் 16 மணி நேரம், இசி (தண்ணீரில் கரைந்த உரத்தின் அளவைக் காட்டுவது) 1.6, பிஎச் 6. நாலாவது வாரத்தில் நடுக்குருத்து இலைகளின் ஓரம் மட்டும் பழுப்பாகிச் சுருள்கிறது. வெளி இலைகள் பளிச்சென்று இருக்கின்றன, வேரும் வெள்ளைதான். ஆகவே அழுகல் இல்லை.

குருத்துக்குக் கால்சியம் போய்ச் சேராததால்தான் இந்தக் கருகல் என்று நினைக்கிறேன். கால்சியம் நீராவிப்போக்கோடுதான் (இலை வழியே நீர் ஆவியாவது) மேலே ஏறும். குருத்துக்குள் காற்று புகாவிட்டால் தண்ணீரில் எவ்வளவு இருந்தும் பயனில்லை. பழைய கம்ப்யூட்டரின் 12 வோல்ட் ஃபேனை மேலிருந்து கீழாக மாட்டுவதா, பக்கவாட்டிலா? விளக்கை 12 மணி நேரமாகக் குறைத்தவர்களுக்குக் கருகல் நின்றதா? கால்சியம் நைட்ரேட் தனி பாட்டிலில்தான் இருக்கிறது. அடர்கரைசலில் சல்பேட்டோடு சேர்ந்தால் வெள்ளையாகப் படியும் என்பது தெரியும். ‘தண்ணியை மாத்துங்க’ என்று மட்டும் சொல்லிடாதீங்க!