மிதிவண்டியை நிறுத்திய இடங்களில்

பிடோக் மிதிவண்டி எழுதுகிறார்:

ஞாயிற்றுக்கிழமை காலையில் சிங்கப்பூரின் கிழக்கே இருக்கும் பிடோக்கிலிருந்து புறப்பட்டு, ஈஸ்ட் கோஸ்ட் பூங்கா வழியாக மரினா அணைக்கட்டு வரை மிதிவண்டியில் போய், அங்கிருந்து ஓட்டியும் தள்ளியும் சிங்கப்பூர் ஆற்றின் முகப்பைத் தொட்டுவிட்டுத் திரும்புவது எனக்கு ஏழெட்டு ஆண்டுப் பழக்கம். தோளில் ஒரு சிறிய கேமரா, அதில் 35 மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்று மட்டும். தொலைவில் இருப்பதை இழுத்துக் காட்டும் பெரிய லென்ஸ் ஒன்றும் முன்பு வைத்திருந்தேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் அதை விற்றுவிட்டேன். ஏன் விற்றேன் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் வெளிச்சம். நம் ஊரில் ஆண்டு முழுவதும் காலை 7 மணியை ஒட்டியே சூரியன் எழுகிறது. நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் சாய்ந்து தயங்காமல் விறுவிறுவென மேலே ஏறிவிடுகிறது. ஒன்பது மணியைத் தாண்டினால் தொப்பி அணிந்தவரின் முகம் மூக்கு வரை கறுத்துப்போகும். ஆகவே ஆறே முக்காலுக்கே வீட்டை விட்டு இறங்கிவிட வேண்டும். குளிரூட்டிய அறையில் இரவைக் கழித்த கேமராவை அப்படியே வெளியே கொண்டுவந்தால் லென்ஸில் ஆவி படிந்துவிடும். துடைக்கத் துடைக்க மறுபடியும் படியும். அதனால் கண் விழித்ததும் அதை உறையோடு வாசலுக்கு வெளியே செருப்பு அலமாரியின் மேல் வைத்துவிட்டுத்தான் பல் துலக்கப் போகிறேன். (ஆயிரத்துச் சொச்சம் சிங்கப்பூர் வெள்ளி விலையுள்ள பொருளைத் தாழ்வாரத்தில் விட்டுவிட்டுக் குளிக்கப் போகும் இந்தத் துணிச்சலுக்கு என் மனைவி வேறு பெயர் வைத்திருக்கிறார்.)

ஓட்டிக்கொண்டே எடுக்கலாமா என்று சிலர் கேட்பதுண்டு. மிதிவண்டிப் பாதையில் மணிக்கு 25 கிலோமீட்டர், நடைபாதையில் 10 கிலோமீட்டர் என்பது சட்டம் வகுத்த வரம்பு. ஒற்றைக் கையால் பிடித்து ஓட்டுபவனுக்கு அந்தப் பத்துமே அதிகம். ஒரே ஒரு முறை முயன்றேன். அதன் அடையாளம் இன்னும் இடது முழங்கையில் இருக்கிறது. தவிரவும், வண்டியில் அமர்ந்தபடி எடுத்த படங்களில் எனக்குக் கிடைத்தவை பெரும்பாலும் முதுகுகள்தாம்.

பிடோக் படகுத்துறையில் விடிவதற்கு முன்பே தூண்டில்காரர்கள் குளிர்ப்பெட்டியும் மடக்கு நாற்காலியுமாக இடம் பிடித்துவிடுவார்கள். அங்கே ஒரு மலாய்ப் பெரியவரிடம், ‘பாக்சிக், ஒரு படம் எடுத்துக்கொள்ளட்டுமா?’ என்று கேட்டேன். முகம் வேண்டாம் என்று கையசைத்துவிட்டு, அப்போதுதான் இழுத்துப் போட்டிருந்த சோத்தோங்கை, அதாவது கணவாயை, காட்டினார். நான் சிமெண்டுத் தரையில் மண்டியிட்டு ஓரடித் தொலைவுக்கு லென்ஸைக் கொண்டுபோனேன். அதன் ஈரத் தோலில் செம்பழுப்புப் புள்ளிகள் விரிவதும் சுருங்குவதுமாக இருந்தன. யாரோ உள்ளிருந்து விளக்கை ஏற்றி ஏற்றி அணைப்பதைப் போல இருந்தது. இரண்டாவது முறை பொத்தானை அழுத்துவதற்குள் மை பீய்ச்சி அடித்தது. சட்டை, முகவாய், லென்ஸின் விளிம்பு எல்லாம் கறுப்பு. நான் கைக்குட்டையை எடுத்து அவசரமாகத் தேய்க்கப் போனபோது பெரியவர் என் மணிக்கட்டைப் பிடித்துத் தடுத்து, தேய்க்காமல் ஒற்றி எடுக்க வேண்டும் என்று சைகையில் காட்டி, தம் போத்தலில் இருந்த குடிநீரில் ஒரு துணியை நனைத்துக் கொடுத்தார். சட்டை போயிற்று. படம் ஒன்று தேறியது, அதுவும் பாதி மையோடு.

இனி அணைக்கட்டுக்கு வருகிறேன். மரினா கால்வாயின் குறுக்கே 350 மீட்டர் நீளத்தில் கட்டப்பட்டு 2008-இல் திறக்கப்பட்ட அந்த அணை, ஒரு பக்கம் கடலையும் மறுபக்கம் நன்னீரையும் பிரித்து நிற்கிறது. அதன் கூரையில் இருக்கும் புல்வெளியில் ஞாயிறு மாலைகளில் பட்டம் விடுவார்கள். ஒரு ஞாயிறு நானும் வழக்கத்துக்கு மாறாக மாலையில் போயிருந்தேன். பெரிய லென்ஸும் கூட இருந்தது. எனக்கு நாற்பது ஐம்பது மீட்டர் தள்ளி, மேட்டின் விளிம்பில் ஓர் இளைஞர் நின்றிருந்தார். இடக் கையில் பட்டத்து நூல். வலக் கையைத் தலைக்கு மேலே தூக்கி வைத்திருந்தார். அந்தக் கையில் சுற்றியிருந்த ஏதோ ஒரு வெள்ளை, சாயும் வெயிலில் விளக்குப் போலத் தெரிந்தது. உண்மையைச் சொன்னால் அந்த வெள்ளைக்காகத்தான் எடுத்தேன். ஆறு படங்கள்.

அவர் நூலை நண்பரிடம் கொடுத்துவிட்டு நேராக என்னை நோக்கி வந்தார்.

“அண்ணே, இப்ப என்னையப் படம் எடுத்தீங்களா?”

தமிழில் கேட்டது எனக்குச் சற்று ஆறுதலாகக்கூட இருந்தது. ஆமாம் என்றேன். பொது இடம், முகம் தெளிவாகத் தெரியாது, நல்ல படம் என்றெல்லாம் அடுக்கினேன். அவர் எதையும் மறுக்கவில்லை. வலக் கையை மட்டும் எனக்கு முன்னால் நீட்டினார். மூன்று விரல்களைச் சேர்த்துக் கட்டுப் போட்டிருந்தது.

“வீட்டுக்குத் தெரியாதுண்ணே. நீங்க எங்கயாச்சும் போடுவீங்க, எங்க ஊருப் பசங்க பாப்பாங்க. அம்மா காதுக்குப் போனா உடனே கெளம்பி வரச் சொல்லும். ஏஜென்டுக்குக் கட்டுன கடன் இன்னும் பாதி நிக்குது.”

அறந்தாங்கிப் பக்கத்துப் பிள்ளை. கையைத் தொங்கவிட்டால் விண்விண்ணென்று வலிக்கிறது என்பதால்தான் தூக்கி வைத்திருந்தாராம். அந்தத் தூக்கிய கையில் நான் என்னென்னவோ பார்த்திருந்தேன். அவர் பார்க்கும்படி திரையைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு ஆறையும் ஒவ்வொன்றாக அழித்தேன். ஆறாவது படத்தில் மட்டும், “இது நல்லாத்தான் இருக்கு” என்றார். அதையும் அழித்தேன்.

பிறகு அவரே ஒரு படம் கேட்டார், தம்முடைய கைப்பேசியில். கட்டுப் போட்ட கை காற்சட்டைப் பையில் நுழையவில்லை. முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். பின்னணியில் மரினா பே சேண்ட்சின் மூன்று கோபுரங்களும் முழுசாக வர வேண்டும் என்றார். நான் தரையோடு தரையாக உட்கார்ந்து எடுத்துக் கொடுத்தேன். சிரித்தபடி நெஞ்சை நிமிர்த்தி நின்ற அந்தப் படம் அன்றிரவே அறந்தாங்கிக்குப் போயிருக்கும். என்னிடம் எதுவும் இல்லை.

அடுத்த வாரமே சிட்டி ஹால் பக்கம், பெனின்சுலாவில் ஒரு கேமராக் கடையில் அந்த லென்ஸைக் கொடுத்துவிட்டேன். 35 மில்லிமீட்டர் லென்ஸில் ஒருவர் முழு உருவமாகத் தெரிய வேண்டுமானால் நான்கைந்து எட்டுத் தொலைவுக்குள் போக வேண்டும். அந்தத் தொலைவில் கட்டு கட்டாகவே தெரியும்.

நீர்முகப்பு நடையாளர் எழுதுகிறார்:

என் அனுபவம் சிறியது. விரிகுடாவை ஒட்டி, எந்தக் கட்டடம் என்று சொல்ல வேண்டாம், ஒரு கண்ணாடிச் சுவரில் படகுகள் பிரதிபலிப்பதை எடுத்துக்கொண்டிருந்தேன். பாதுகாவலர் ஒருவர் விரைந்து வந்து, இங்கே அனுமதி இல்லை என்றார். நான்கு மொழி எச்சரிக்கைப் பலகை வைத்த பாதுகாக்கப்பட்ட இடமாக இருந்தால் கேள்வியே கேட்காமல் நகர்ந்திருப்பேன். இங்கே அப்படி எதுவும் இல்லை. நான் வாதத்துக்குத் தயாரானபோது அவர் குரலைத் தாழ்த்தித் தமிழில், “சார், உங்க காலுக்குக் கீழே கல்லு நிறம் மாறுது பாருங்க. அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் எங்களோடது, அந்தப் பக்கம் எல்லாருக்கும். ரெண்டு அடி பின்னால போங்க” என்றார். போனேன். பிரதிபலிப்பில் அதுவரை தெரியாத பாலமும் சேர்ந்து தெரிந்தது. தினமும் பன்னிரண்டு மணி நேரம் அங்கேயே நிற்பவருக்கு அது தெரிந்திருப்பதில் வியப்பில்லை.

காலாங் கரை எழுதுகிறார்:

நான் மிதிவண்டி ஓட்டுவதில்லை. காலாங் ஆற்றோரம் தொடங்கி, நேரம் இருந்தால் எஸ்பிளனேடு தாண்டிச் சிங்கப்பூர் ஆற்றங்கரையின் போட் கீ வரைக்கும் நடப்பவள். முதலாமவர் எழுதியதை இரண்டு முறை படித்தேன், ஆனாலும் எனக்கு முழு உடன்பாடு இல்லை. முன்னாலேயே கேட்டுவிட்டால், கேட்கத் தூண்டிய அந்தத் தோற்றம் அந்தக் கணமே போய்விடுகிறது. நான் முதலில் எடுப்பேன், உடனே போய்க் காட்டுவேன், வேண்டாம் என்றால் அழிப்பேன்.

சிங்கப்பூர் ஆற்றின் மேலுள்ள கேவனா பாலத்தில் நடந்தது இது. 1869-இல் கட்டி முடிக்கப்பட்ட அந்தப் பாலத்தின் இரு முனைகளிலும், மூன்று ஹண்ட்ரட்வெயிட்டுக்கு, அதாவது ஏறத்தாழ 152 கிலோவுக்கு, மேற்பட்ட எடையுள்ள வண்டிகளும், எடை எதுவானாலும் மாடுகளும் குதிரைகளும் ஏறக்கூடாது என்ற பழைய பலகை இன்னும் இருக்கிறது. சுற்றுப்பயணிகள் எல்லாரும் பக்கத்தில் ஆற்றுக்குள் குதிப்பதைப் போலச் சமைத்திருக்கும் ஐந்து வெண்கலச் சிறுவர்களைச் சூழ்ந்துகொண்டிருக்க, ஒரு தமிழ்ப் பெரியவர் மட்டும் அந்தப் பலகையை அண்ணாந்து பார்த்துக்கொண்டு, ஒரு கையைப் பாலத்தின் இரும்பின் மேல் வைத்தபடி நின்றிருந்தார். எடுத்தேன். போய்க் காட்டினேன்.

அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, திரையைக் கிட்டத்தில் பிடித்து, வெகுநேரம் பார்த்தார். “காலை வெட்டிட்டியேம்மா” என்றார். உண்மைதான், கணுக்காலோடு படம் முடிந்திருந்தது. கால் இல்லாத படத்தை வீட்டில் மாட்ட மாட்டார்கள் என்று சொல்லி, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, இரண்டு கைகளையும் பக்கவாட்டில் ஒட்டிக் கடவுச்சீட்டுப் படத்துக்கு நிற்பதைப் போல நின்றார். அதையும் எடுத்தேன். முதல் படம்தான் படம். ஆனால் அவருக்கு வேண்டியது இரண்டாவது.

பிறகுதான் பேசத் தொடங்கினார். அவருடைய அப்பா மார்க்கெட் ஸ்திரீட்டில் செட்டியார்கள் வட்டித்தொழில் நடத்திய கிட்டங்கியில் பெட்டியடிப் பையனாக, அதாவது கடைநிலை உதவியாளனாக, வந்து சேர்ந்து, கணக்கு எழுதும் வேலைக்கு உயர்ந்தவராம். பள்ளி விட்டதும் அப்பாவுக்குச் சாப்பாட்டுத் தூக்கோடு இந்தப் பாலத்தைக் கடந்து போவாராம். ஆற்றைச் சுத்தம் செய்யும் பணி 1977-இல் தொடங்கிப் பத்தாண்டு நடப்பதற்கு முன்பிருந்த நாற்றத்தை, மூக்கைப் பொத்திக் காட்டித்தான் விவரித்தார். கிட்டங்கிகள் இருந்த இடம் எது என்று கேட்டேன். ஆற்றுக்கு அப்பால் நிற்கும் உயரமான கட்டடங்களின் பக்கம் பொதுவாகக் கையை வீசினார், எதையும் சுட்டவில்லை.

தொலைபேசி எண் தரவில்லை. சனிக்கிழமைகளில் வருவேன், அச்சுப் போட்டு வை என்றார். இரண்டையும் அச்சிட்டு மூன்று சனிக்கிழமை போய் நின்றேன். அவரைக் காணவில்லை. படங்கள் இன்னும் என் பையில்தான் இருக்கின்றன. நம் ஊர் ஈரத்தில் ஓரங்கள் சுருளத் தொடங்கிவிட்டன.

பிடோக் மிதிவண்டி எழுதுகிறார்:

அம்மா, நீங்கள் காட்டிவிட்டு நகர்கிறவர். அதில் எனக்குக் குறையில்லை. ஐம்பது மீட்டர் தள்ளி நின்றுகொண்டு காட்டாமல் போகிறவனாக நான் இருந்தேன், அவ்வளவுதான். நான் ஞாயிறுதோறும் ஒன்பது மணி வாக்கில் அந்தப் பாலத்தில் வண்டியைத் தள்ளிக்கொண்டு போகிறேன். பெரியவர் ஒருவேளை கிழமையை மாற்றிக்கொண்டிருக்கலாம். ஒரு பிரதி என்னிடம் கொடுத்தால் உறையில் போட்டுக் கேமராப் பையிலேயே வைத்திருப்பேன். முகத்தை இங்கே போட வேண்டாம். அடையாளம் மட்டும் சொல்லுங்கள்.

காலாங் கரை எழுதுகிறார்:

நன்றி அண்ணா. வரும் வியாழன் மாலை அணைக்கட்டுப் பக்கம் வந்து தருகிறேன். அடையாளம் என்றால், முழுக்கைச் சட்டை, மார்புப் பையில் இரண்டு பேனா. காலில் வெள்ளைக் கேன்வாஸ் காலணி. வலது காலணியில் நாடாவுக்குப் பதிலாகப் பச்சை நைலான் கயிறு கட்டியிருந்தார். இரண்டாவது படத்தில் அது தெளிவாகத் தெரிகிறது.