எண்ணெய் ஏறிச் சிக்கு பிடிச்ச பார்பி முடி: கொதிதண்ணி ஊத்தலாமா?

கொலுப்படி_திநகர்:

எல்லாருக்கும் வணக்கம். கொலுவுக்கு எங்க வீட்ல வழக்கமா தரையில பார்க் போடுவோம். இந்த வருஷம் கல்யாண மண்டபம். மணப்பொண்ணு வேஷத்துக்கு அக்காவோட சின்ன வயசு பார்பியைப் பரண்லேர்ந்து இறக்கினேன். முகம், கை, கால் எல்லாம் பளிச்சுன்னு இருக்கு. தலையைப் பார்த்தாதான் கண்றாவி.

அக்கா தனக்கு எண்ணெய் வெச்சுப் பின்னிக்கிட்ட கையோட பொம்மைக்கும் தேங்காய் எண்ணெய் தடவிப் பின்னியிருக்கா. அது மேல வருஷக்கணக்கா பரண் தூசி. இப்போ முடி மொத்தமும் ஒரே கட்டி. குதிரைவாலைக் கட்டியிருந்த ரப்பர் பேண்டு உருகி, பழுப்பு நிறத்துல பிசினா ஒட்டிக்கிட்டிருக்கு. நுனியெல்லாம் பஞ்சு பஞ்சா நிக்குது. நான் தலைக்குப் போடற ஷாம்பூவால அலசிப் பார்த்தேன். காய்ஞ்சதும் பிசுக்கு அப்படியே இருக்கு, கூடவே வெள்ளையா ஒரு படலம் வேற. எங்க அபார்ட்மெண்ட்ல போர் தண்ணிதான்.

வீடியோவுல எல்லாம் கொதிக்கக் கொதிக்கத் தண்ணியைத் தலையில ஊத்தறாங்க, முடி வழவழன்னு இறங்குது. நானும் ஊத்தலாமா? ரப்பரை எப்படி எடுக்கறது? இன்னொண்ணு, இடுப்புக்குக் கிட்ட 1966-னு பொறிச்சிருக்கு. அக்கா பொறந்ததே எண்பதுகள்ல. இது அவ்வளவு பழசா? விலை போற பொருள்னா நான் கையே வைக்கல.

பெரம்பூர்_பரண்:

பயப்படாம ஊத்துங்க. நான் வாங்கற பழைய பொம்மை எல்லாத்துக்கும் அதான் வைத்தியம். கெட்டில்ல கொதிக்க விட்டு, பொம்மையைத் தலைகீழாப் பிடிச்சு ஊத்தினா நூல் பிடிச்ச மாதிரி நேராயிடும். கையைச் சுட்டுக்காதீங்க, அவ்வளவுதான்.

மந்தைவெளி_மாமி:

கொதிதண்ணியெல்லாம் எதுக்குடிம்மா? எண்ணெய்ப் பிசுக்குக்கு சீயக்காய் போறாதா? வடிச்ச கஞ்சியில கரைச்சுத் தேய். எப்பேர்ப்பட்ட எண்ணெயும் போயிடும்.

சீப்பும்_கையும்:

மாமி, சீயக்காய் நம்ம தலைக்குச் சரி. இது பிளாஸ்டிக் இழை. பொம்மைத் தலையில முடியை நாற்று நட்ட மாதிரி வரிசை வரிசையா ஓட்டை போட்டு நட்டிருப்பாங்க, தலைக்கு உள்ளே வெறும் கூடு. சீயக்காய்த் தூளும் கஞ்சியும் அந்த ஓட்டை வழியா உள்ள போச்சுன்னா வெளிய வராது. நம்ம ஊர்ப் புழுக்கத்துல பூஞ்சை பிடிச்சு வாடை வரும்.

பெரம்பூர் சார், உங்க வைத்தியம் தப்புன்னு சொல்லல. ஆனா எல்லா முடியும் ஒரே முடி இல்ல. இதைத்தான் முதல்ல பார்க்கணும்.

பொம்மை முடி பெரும்பாலும் நாலு வகை. சரான், கனெகலான், நைலான், பாலிப்ரோப்பிலீன். சரான் கனமா, வழுக்கலா, தொட்டா சில்லுன்னு இருக்கும். கொதிதண்ணியைத் தாங்கும், சூட்டுல கொடுக்கற வளைவை ஆறினதும் பிடிச்சுக்கும். வீடியோவுல நீங்க பார்த்தது அநேகமா அதான். கனெகலான் மெலிசு, மெத்துமெத்துன்னு இருக்கும், பார்க்க அசல் முடிக்குக் கிட்ட வரும். ஆனா சூடு ஆகாது. கொதிதண்ணி பட்டா சுருங்கி, பளபளப்பு போய், நார் நாரா நிக்கும். அப்புறம் அதைத் திருப்பவே முடியாது. நைலான் சூடு தாங்கும். பாலிப்ரோப்பிலீன் புதுப் பொம்மைகள்ல நிறைய வருது. சுருள் நிக்காது, எத்தனை தடவை கழுவினாலும் கைக்கு லேசா மெழுகு மாதிரிதான் இருக்கும்.

கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கு. பின்கழுத்துக்கு மேல, உள் வரிசையிலேர்ந்து ரெண்டு மூணு இழை வெட்டுங்க, வெளிய தெரியாது. எண்ணெய் போக நல்லாக் கழுவிட்டு, ஒரு டம்ளர் தண்ணியில பாத்திரம் கழுவற லிக்விட் ஒரு சொட்டு விட்டு, இழையை விரலால உள்ள அமுக்கி விடுங்க. சொட்டு விடாம பண்ணினா எந்த இழையும் தண்ணி மேலயே ஒட்டிக்கிட்டு மிதக்கும், ஏமாந்துடுவீங்க. அமுக்கினப்புறமும் மேல வந்தா பாலிப்ரோப்பிலீன். அது மட்டும்தான் தண்ணியை விட லேசு. மத்த மூணும் மூழ்கும், சரான் கல்லு மாதிரி இறங்கும்.

மூழ்கிச்சுன்னா அடுத்தது: இன்னொரு இழையோட பாதியை அடுப்புலேர்ந்து இறக்கின சுடுதண்ணியில சில நொடி முக்கி எடுங்க. முக்கின பாதியையும் முக்காத பாதியையும் வெள்ளைத் துணி மேல வெச்சுப் பாருங்க. சுருங்கியோ மங்கியோ போயிருந்தா கொதிதண்ணிப் பேச்சையே எடுக்காதீங்க. நெருப்புல காட்டிப் பார்க்கலாம்னு சிலர் சொல்வாங்க. சரான், கனெகலான் ரெண்டுலயும் குளோரின் இருக்கறது வழக்கம், புகை மூக்கைப் பிடுங்கும். வேண்டாம்.

ஆழ்வார்ப்பேட்டை_அவசரம்:

ரப்பர் பிசினுக்கு நெயில் பாலிஷ் ரிமூவர் போடுங்க. ஒரு தடவல், முடிஞ்சது.

சீப்பும்_கையும்:

பொம்மையும் முடிஞ்சது. ரிமூவர்ல இருக்கற அசிட்டோன் பட்டா கன்னத்துச் சிவப்பு, உதட்டுச் சாயம் எல்லாம் வழிஞ்சிடும், உடம்புப் பிளாஸ்டிக் இளகும். கனெகலானா இருந்தா முடியே கரையும். அந்தப் பாட்டிலைப் பொம்மை இருக்கற ரூம்லயே வைக்காதீங்க.

ரப்பருக்கு அதே தேங்காய் எண்ணெய்தான். கெடுத்ததும் அது, காப்பாத்தப் போறதும் அது. பிசின் இருக்கற இடத்துல மட்டும் பஞ்சால ஒத்தி, அரை மணி நேரம் ஊற விடுங்க. அப்புறம் நகத்தாலயோ பல்குச்சியாலயோ முடி போற திசையிலயே வழிச்சு எடுங்க. குறுக்க இழுத்தா வேரோட வரும். முழுசும் வராது, மிச்சத்தைக் கழுவறப்போ பார்த்துக்கலாம்.

ராயபுரம்_ரேக்:

1966 பத்தி நான் சொல்றேன். அது பொம்மை செஞ்ச வருஷம் இல்ல, அந்த உடம்பு அச்சுக்குக் காப்புரிமை போட்ட வருஷம். 90-கள்ல வந்த பொம்மையிலயும் அதே 1966 இருக்கும். இதை வெச்சுக்கிட்டு ‘அறுபதுகளோட அபூர்வப் பொம்மை’ன்னு விலை சொல்றவங்க இணையத்துல நிறைய, ஏமாறாதீங்க. தலை அச்சுக்குத் தனி வருஷம். ‘சூப்பர்ஸ்டார்’னு சொல்ற, பல்லு தெரியச் சிரிக்கற பார்பி முகம்னா கழுத்து விளிம்புல 1976 இருக்கும். அதுவும் செஞ்ச வருஷம் இல்ல. பார்பியே 1959-ல நியூயார்க் பொம்மைக் கண்காட்சியிலதான் முதல்ல வந்தா.

விலையைப் பொறுத்த வரைக்கும், பெட்டி பிரிக்காம, தொழிற்சாலையில வாரிவிட்ட கொண்டை கலையாம இருந்தா தண்ணியே காட்டக் கூடாதுன்னு சொல்வேன். ஒரு தடவை நனைச்சா அந்த வாரல் திரும்ப வராது. உங்க அக்கா எண்ணெய் வெச்சுப் பின்னின அன்னைக்கே அந்தக் கவலை தீர்ந்துபோச்சு. தைரியமாக் கழுவுங்க.

கொலுப்படி_திநகர்:

அக்காகிட்ட சொன்னேன், ‘நான் அப்பவே அதோட மார்க்கெட்டை முடிச்சுட்டேனா’ன்னு சிரிக்கறா.

இழை மூழ்கிச்சு. ஆனா கல்லு மாதிரின்னு சொல்ல முடியாது, மெதுவா ஆடி ஆடித்தான் இறங்கிச்சு. சுடுதண்ணியில முக்கின பாதி சுருண்டு, பொசுங்கின மாதிரி ஆயிடுச்சு. முக்காத பாதி வழவழன்னு இருக்கு. பக்கத்துல பக்கத்துல வெச்சா ரெண்டும் வேற வேற பொம்மையோட முடின்னு சொல்வீங்க. அப்போ கனெகலானா?

சீப்பும்_கையும்:

எந்தப் பேரா இருந்தாலும் சூடு ஆகாத முடி. நடக்கறதைப் பார்த்தா கனெகலான்தான். எண்பதுகளோட பார்பிகள்ல அது உண்டு.

இனிமே பச்சைத் தண்ணி, மிஞ்சினா குழந்தைக்கு ஊத்தற வெதுவெதுப்பு. விம் மாதிரி பாத்திர லிக்விட் சில சொட்டு ஒரு கிண்ணத்துல கலந்து, பொம்மையைத் தலைகீழாப் பிடிச்சு முடியை மட்டும் முக்குங்க. உடம்பு நனைய வேண்டாம். முட்டி மடங்கற சில பழைய பொம்மைகளுக்குள்ள உலோகம் இருக்கும், தண்ணி போனா துரு. முடியைக் கசக்காதீங்க, ரெண்டு விரலுக்கு நடுவுல வேர்லேர்ந்து நுனிக்கு வழிச்சு விடுங்க. கிண்ணத்துத் தண்ணி கலங்கும், மாத்துங்க. எண்ணெய் போனதுக்கு அடையாளம், ஈர முடியை விரலால வழிச்சா வழுக்காம லேசாக் கீச்சுன்னு பிடிக்கும். அது வர்ற வரைக்கும் சலிச்சுக்காம மாத்திக்கிட்டே இருக்கணும். இந்த வேலையில முக்கால்வாசி இதுதான்.

சிக்கு எடுக்க ஸ்டீல் பேன் சீப்புதான் கடைசி ஆயுதம். அதுக்கு முன்னாடி அகலப்பல் சீப்பு. காய்ஞ்ச முடியில வெக்கவே கூடாது. துணி மென்மையாக்கற கம்ஃபர்ட் மாதிரி ஒண்ணைத் தண்ணியில கலந்து ஊற விட்டு, அந்த ஈரத்தோட வாருங்க. வேர்ப் பக்கம் முடியை விரலால இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு, நுனியில ஒரு சென்டிமீட்டர், அது அவிழ்ந்ததும் அதுக்கு மேல ஒரு சென்டிமீட்டர்னு ஏறணும். உச்சியிலேர்ந்து ஒரே இழுப்பு இழுத்தா நட்ட கொத்து அப்படியே கையில வரும், வழுக்கைத் தலையோட மணப்பொண்ணை உட்கார வைக்க வேண்டியதுதான்.

வெள்ளைப் படலம் போர் தண்ணியோட கால்சியம் உப்பு. ஒரு மக் தண்ணிக்கு ஒரு ஸ்பூன் வினிகர் விட்டு அலசிட்டு, கடைசி அலசலை மட்டும் ஆர்ஓ தண்ணியிலயோ கேன் தண்ணியிலயோ பண்ணுங்க. பஞ்சு நுனி இந்த வகை முடியில படியாது. கத்தரியால ஒரு விரல்கடை எடுத்துடுங்க. வருத்தப்படாதீங்க, பின்னினா தெரியாது.

காய வைக்கறது ஃபேன் காத்துல. மொட்டை மாடி வெயில் வேண்டாம், முடியும் முகமும் சேர்ந்து மஞ்சளாகும். ஹேர் டிரையரும் வேண்டாம். கழுத்தைக் கீழ சாய்ச்சு வையுங்க, தலைக்குள்ள போன தண்ணி வடியணும்.

மந்தைவெளி_மாமி:

இவ்வளவு விவரம் எனக்குத் தெரியாது போ. ஆனா பின்னலுக்கு நான் சொல்றதைக் கேளு. கல்யாணப் பொண்ணுன்னா ஜடை நாகம் வேணுமோல்லியோ? முடி பாதி ஈரமா இருக்கச்சே பின்னிடு, காய்ஞ்சப்பறம் வழுக்கிண்டு ஓடும். அடியில கறுப்பு நூலால முடிச்சு போடு, குஞ்சலத்தை அதுலயே கோத்துடலாம். வடக்கு மாட வீதியில கொலுச் சாமான் விக்கறச்சே குட்டிக் குஞ்சலம், ஒட்டியாணம் எல்லாம் கிடைக்கும். பேரம் பேசு.

கொரட்டூர்_குட்டி:

நடுவுல ஒரு சந்தேகம். என்கிட்ட இருக்கற ஒரு பொம்மைக்கு (கம்பெனி பேரே இல்ல) எண்ணெயே வெச்சதில்ல. ஆனாலும் உச்சி மட்டும் எப்பவும் பிசுபிசுன்னு இருக்கு. கழுவினா ஒரு வாரம் நல்லா இருக்கு, திரும்ப வருது.

சீப்பும்_கையும்:

அது தலைக்குள்ள இருக்கற பசை. முடி உருவாம இருக்க உள்பக்கம் பசை ஊத்துவாங்க. வருஷம் போகப் போக, அதுவும் நம்ம ஊர் மே மாசத்துல, அது இளகி வேர் ஓட்டை வழியா கசியும். முழுசா நிறுத்த வழி கிடையாது. சோள மாவோ முகப் பவுடரோ வேர்ல தூவி, ஒரு ராத்திரி விட்டு, சீப்பால தட்டி எடுங்க. தேவைப்படறப்போ திரும்பத் தூவுங்க. சுடுதண்ணி ஊத்தினா இன்னும் இளகிக் கசியும்.

கொலுப்படி_திநகர்:

முடிஞ்சுது! கிண்ணத்துத் தண்ணி முதல்ல டிகாக்‌ஷன் நிறத்துல வந்துது, கடைசியில தெளிஞ்சுது. கீச்சுன்னு பிடிக்கறதுன்னு நீங்க சொன்னது கை வெச்சப்புறம்தான் புரிஞ்சுது. ரப்பர் ஒட்டின இடத்துல லேசா பழுப்புக் கறை மிச்சம் இருக்கு, பின்னலுக்குள்ள மறைஞ்சிடுச்சு. வெள்ளைப் படலம் போயே போச்சு. இடது காதுக்குப் பின்னாடி ஒரு கொத்து கையோட வந்துடுச்சு, மல்லிகைச் சரத்தை அந்தப் பக்கமா வெக்கப் போறேன். மாமி, குஞ்சலம் வாங்கிட்டேன், பேரமும் பேசினேன்.

கொலு வரைக்கும் பீரோவுல வெக்கறேன். பாச்சா உருண்டை போட்டா பூச்சி வராதில்லையா?

பெரம்பூர்_பரண்:

அது மட்டும் செய்யாதீங்க. உருண்டையோட ஆவி பிளாஸ்டிக்கை இளக்கும், உருண்டை பட்ட இடம் பள்ளமாகும். இது சீப்பும் கையும் சொல்லாம எனக்கே தெரியும். 😀 பழைய வெள்ளை வேட்டித் துணியில சுத்தி, அட்டைப் பெட்டியில வையுங்க. பாலிதீன் கவர் போட்டு மூடாதீங்க, ஈரம் உள்ளயே நிக்கும். கொதிதண்ணி விஷயத்துல, என் பொம்மைகளுக்கு நான் ஊத்தத்தான் போறேன். இனிமே ஒரு இழை வெட்டிப் பார்த்துட்டு ஊத்தறேன், போதுமா?

வேளச்சேரி_வால்:

இதே முறையில என் பொண்ணோட குதிரைப் பொம்மை வாலையும் கழுவலாமா? எண்பதுகளோடது, வால் வேர்ப் பக்கம் ஆரஞ்சு நிறமா இருக்கு.

சீப்பும்_கையும்:

இன்னும் நனைக்காதீங்க. பழைய குதிரைகள்ல வால் உருவாம இருக்க உள்ள இரும்பு வாஷர் போட்டிருப்பாங்க, நீங்க பார்க்கற ஆரஞ்சு அதோட துருவா இருக்கலாம். தலையைக் கழட்டி உள்ள பார்க்கணும். வால் பக்கம் கிட்டத்துல ஒரு படம் எடுத்து, தனிப் பதிவாப் போடுங்க. இங்கயே கேட்டா கல்யாணக் கூட்டத்துல காணாமப் போயிடும்.