உப்பு சவ்வைத் தாண்டும் கணக்கு: நீங்கள் நேரில் கண்டது என்ன?

கிணற்றடி:
உவர்நீர் ஆர்.ஓ. ஆலை, அதாவது நீரை அழுத்தத்தால் சவ்வு வழியே தள்ளி உப்பைப் பிரிக்கும் ஆலை. நன்னீரில் உப்பு கூடுகிறதென்று மேற்பார்வையாளர் வால்வைத் திருகி அழுத்தத்தைக் குறைத்தார். அழுத்தினால் உப்பும் சேர்ந்துதானே பிதுங்கி வரும் என்பது அவர் வாதம். 1965-இல் லான்ஸ்டேல் குழுவினர் வகுத்த கரைதல்-விரவல் மாதிரி (நீரும் உப்பும் சவ்வில் கரைந்து, தனித்தனியே பரவி மறுபுறம் சேர்கின்றன என்பது) நேர்மாறாகச் சொல்கிறது. நீரைத் தள்ளுவது அழுத்தம். உப்பைக் கடத்துவதோ இருபுறச் செறிவு வேறுபாடு மட்டுமே. ஆகவே அழுத்தம் குறைந்தால் கடக்கும் உப்பு ஏறத்தாழ அப்படியே இருக்க, அதைக் கரைத்து வரும் நீர்தான் குறையும். நீரில் கரைந்துள்ள உப்புகளின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். மானியில் 60 என்றிருந்த எண் 85-க்கு ஏறியதை அவரும் நின்று பார்த்தார். பார்த்துவிட்டு, மானியை மாற்றச் சொன்னார்.

கடலோரன்:
கிணற்றடி சொல்வதில் பாதிதான் சரி. அழுத்தத்தை ஏற்றிக்கொண்டே போனால், தடுக்கப்பட்ட உப்பு சவ்வின் பரப்பில் தேங்கி, அங்குள்ள செறிவு நீரோட்டத்துக்கேற்ப அடுக்குக்குறி வேகத்தில் உயரும். அப்போது கடக்கும் உப்பு எப்படி ‘அப்படியே’ இருக்கும்? என்னை இன்றும் உறுத்துவது, கடல்நீரில் பெரும்பாலும் போரிக் அமிலமாக இருக்கும் போரான். கடல்நீர் ஆலை ஒன்றில் கோடையில் வந்த ஆய்வறிக்கையில் சோடியம், குளோரைடு எல்லாம் என் கணக்கோடு ஒத்திருக்க, போரான் மட்டும் சிவப்பு மையால் வட்டமிடப்பட்டிருந்தது. போரிக் அமிலத்துக்கு மின்சுமை இல்லை, பி.எச். ஏறத்தாழ 9-ஐத் தாண்டினால்தான் பெரும்பகுதி அயனியாக மாறிச் சவ்வில் தடைபடும். நீர் சூடேறினால் அது இன்னும் எளிதாக நழுவுகிறது.

மாடிவீடு:
என் அனுபவம் சிறியது. ஊரிலிருந்து திரும்பி வீட்டு ஆர்.ஓ.வில் பிடித்த முதல் டம்ளர், வழக்கத்தைவிடப் பல மடங்கு டி.டி.எஸ். காட்டியது. பம்பு நின்றால் நீரோட்டம் நிற்கும், உப்பின் விரவல் நிற்காது. அவ்வளவுதான்.

ஆனால் மேலே வாதிடும் இருவருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். உப்பு ஊடுருவு குணகத்தை, அதாவது சவ்வு உப்பை எவ்வளவு எளிதாகக் கடக்கவிடும் என்ற எண்ணை, தயாரிப்பாளரின் விவரத்தாளிலிருந்து அப்படியே எடுக்காதீர்கள். அது பொதுவாக 25 டிகிரியில், தூய சோடியம் குளோரைடு கரைசலில், புதுச் சவ்வில் கிடைத்த எண். உங்கள் நீரில் சல்பேட்டும் கால்சியமும் நைட்ரேட்டும் கலந்திருக்கும்போது, மின்நடுநிலைக்காக (நேர், எதிர் மின்சுமைகள் சமமாக இருக்க) ஓர் அயனி மற்றொன்றை இழுத்துச் செல்லும். ஒற்றைக் குணகம் அங்கே போதாது. பல அழுத்தங்களில் நீரோட்டத்தையும் நன்னீர்ச் செறிவையும் அளந்து, பரப்புத் தேக்கத்தைத் தனியே கழித்து, வெப்பநிலையைத் திருத்திய பிறகு குணகத்தைப் பொருத்துங்கள். நீர் நுண்துளைகள் வழியாகவே பாய்கிறது என்று 2023-இல் வெளிவந்த ஆய்வைக் காட்டிப் பழைய மாதிரியைத் தூக்கியெறியச் சொல்பவர்களும் உண்டு. அது எடுத்துக்கொண்டது நீரின் நகர்வை. ஆலையில் உப்பைக் கணிக்கப் பழைய சமன்பாடே இன்னும் கைகொடுக்கிறது. கடலோரன், போரானுக்கு மட்டும் தனிக் குணகம் வையுங்கள்.