மெழுகுவர்த்தியைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள்

கூடலூர்ப் பேரன்:
போன வருடம் நடந்தது, இன்னும் மண்டைக்குள் ஓடுகிறது. கூடலூர்ப் பக்கம், இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியோருக்கான நலத்திட்ட விழா. நடுவில் மைக்கில், "இலங்கையில் உயிர்நீத்த நம் சொந்தங்களுக்கு ஒரு நிமிட அஞ்சலி" என்றார்கள். முன்வரிசைக்கு ஆளுக்கொரு மெழுகுவர்த்தி. வயதானவர் என்று எங்கள் அப்பாயியையும் முன்னால் உட்கார வைத்திருந்தார்கள். 1977 கலவரத்தில் தோட்டத்து லயம் (தொழிலாளர் வரிசை வீடு) எரிந்தபிறகு தலைமன்னாரில் கப்பலேறி வந்தவள். மீதி ஆயுள் டான்டீயில், அரசுத் தேயிலைத் தோட்டத்தில், கொழுந்து பறித்தே போனது.

ஒரு நிமிடம் என்றது இருபது வினாடிகூட இருக்காது. போட்டோகிராபர் கட்டைவிரலைக் காட்டினார், அஞ்சலி முடிந்தது. உடனே ஒரு பையன் அட்டைப்பெட்டியோடு வந்து, ஒவ்வொரு மெழுகுவர்த்தியாக ஊதி அணைத்து வாங்கிக்கொண்டே போனான். அப்பாயி தரவில்லை. "எரியட்டும்யா, அதுக்குள்ள என்ன அவசரம்?"

"அடுத்த ஊரு விழாவுக்கு வேணும் பாட்டி" என்றான். அவனைச் சொல்லியும் குற்றமில்லை.

ஜீப்பில் வரும்போது கேட்டாள்: "உயிர்நீத்தன்னா தானா செத்ததுதானே தம்பி? கொன்னாங்கன்னு ஏன் சொல்லல?" எனக்கு வாய் வரவில்லை. இப்படி யாருக்காவது ஆகியிருக்கிறதா?

ஊட்டி பூக்கடை:
மலர்வளையம் கட்டுவது என் தொழில். ஜனவரி 25 மொழிப்போர் தியாகிகள் நாளென்றால் எல்லாக் கட்சி ஆர்டரும் வரும். ஒருமுறை ஒருவர் ரிப்பனில் எழுத வேண்டியதை வாட்ஸ்அப்பில் அனுப்பினார். பெயர், பதவி, இன்னொரு பதவி, மாவட்டம். யாருக்கு அஞ்சலி என்றே இல்லை. போன் போட்டுக் கேட்டேன். "அது எதுக்குண்ணே, வைக்கிற இடத்துல தெரிஞ்சிடும்" என்றார். அப்புறம், "நாளைக்குக் குடியரசு தினத்துக்கும் இதையே வச்சுக்கலாமா, வாடாதில்ல?" என்றார். கார்னேஷன் தாங்கும் என்றேன், வேறென்ன சொல்வது.

குன்னூர் ரயிலடி:
பெட்டி, ரிப்பன் என்று சின்ன விஷயத்தைப் பிடித்துத் தொங்குகிறீர்கள். ஒன்றும் செய்யாமல் இருப்பதற்கு இது மேல். அந்தக் கரையைப் பாருங்கள். 2021 ஜனவரி 8 இரவு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில், 2009 போரின் கடைசியில் கொல்லப்பட்டவர்களுக்கான முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபியை இடித்தார்கள். மாணவர்கள் உண்ணாவிரதம் இருந்த பிறகுதான் திரும்பக் கட்ட ஒத்துக்கொண்டார்கள். 2024 மே மாதம் சம்பூரில் அவர்கள் நினைவாக முள்ளிவாய்க்கால் கஞ்சி கொடுத்த பெண்களைப் பிடித்து உள்ளே வைத்தார்கள். கஞ்சிக்கு! இங்கே மெழுகுவர்த்தி ஏற்றினால் யாராவது பிடிக்கிறார்களா?

தேயிலைத்தூள்:
@குன்னூர் ரயிலடி, பிடித்தார்களே. 2017 மே மாதம் மெரினாவில் மே 17 இயக்கத்தின் முள்ளிவாய்க்கால் நினைவேந்தலுக்குப் போனவர்களில் நான்கு பேரைக் குண்டர் சட்டத்தில் போட்டார்கள். செப்டம்பரில் உயர்நீதிமன்றம்தான் அதை ரத்து செய்தது. அரசே ஏற்றினால் அஞ்சலி, நாமாகப் போய் ஏற்றினால் குண்டர். என் அனுபவம் என்று தனியாக ஒன்றும் இல்லை, இதைச் சொல்லத்தான் வந்தேன்.

கொடை மழை:
நான் இருப்பது கொடைக்கானல், மாமியார் வீடு திருநெல்வேலிப் பக்கம் மாஞ்சோலைத் தேயிலை எஸ்டேட். 1999 ஜூலை 23 என்றால் தெரியும்தானே. கூலிக்காகவும் சிறையில் இருந்தவர்களை விடச் சொல்லியும் ஊர்வலம் போனவர்களைப் போலீஸ் அடித்து விரட்ட, தாமிரபரணியில் 17 பேர். ஒன்றரை வயதுக் குழந்தையும் அதில்.

சில வருடம் முன்பு நினைவு நாளன்று அத்தை போக வேண்டும் என்றார். கையில் ஒரு முழம் கதம்பம், அவ்வளவுதான். ஆற்றங்கரையில் தடுப்பு போட்டிருந்தார்கள். காவலர் ஒருவர் மரியாதையாகத்தான் கேட்டார்: "கட்சிவாரியா நேரம் குடுத்திருக்கோம்மா, நீங்க எந்தக் கட்சி?"

அத்தை கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "நாங்க எஸ்டேட்டு" என்றார். அவருடைய லிஸ்டில் அது இல்லை. கடைசியில் ஏதோ ஒரு கொடிக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு போய்ப் பூவைப் போட்டோம். அந்தக் கட்சியின் போட்டோவில் இன்றைக்கும் அத்தை இருக்கிறார்.

பண்ணைக்காட்டுப் பெரியவர்:
நான் ஓர் அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். இப்படிப்பட்ட விழாக்களுக்கு வரவேற்புரை எழுதிக் கொடுத்திருக்கிறேன், அதற்கு மேல் என் கதையில் ஒன்றும் இல்லை.

ஆனால் ஒரு கணக்கு சொல்கிறேன். 1987 வன்னியர் இடஒதுக்கீட்டுப் போராட்டத்தில் உயிர்நீத்த 21 பேருக்கு 2025 ஜனவரியில் விழுப்புரத்தில் மணிமண்டபம் திறந்தார்கள். நல்ல காரியம்தான். ஆனால் 87ல் ஆண்டது அதிமுக, மண்டபம் கட்டியது திமுக. தாமிரபரணி நடந்தது திமுக ஆட்சியில், அதற்குக் கிடைத்தது விசாரணைக் கமிஷன். இலங்கையிலும் இதே கதை. தமிழர்களுக்கு எதிரான 83 கலவரத்துக்கு 2004ல் அதிபர் சந்திரிகா மன்னிப்புக் கேட்டார். 83ல் ஆண்டது ஜெயவர்த்தனாவின் கட்சி, இவர் வேறு கட்சி. அடுத்தவன் வீட்டு இழவுக்கு அழுவது சுலபம்.

வாச்சாத்தியைப் பாருங்கள். 1992ல் போலீசும் வனத்துறையும் அந்த மலைக்கிராமத்தைச் சூறையாடி, பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்தார்கள். 2011ல்தான் தர்மபுரி நீதிமன்றத்தில் 215 பேருக்குத் தண்டனை. மேல்முறையீட்டில் உயர்நீதிமன்ற நீதிபதி தீர்ப்புக்கு முன்னால் நேரில் அந்த ஊருக்கே போய்ப் பார்த்தார். 2023ல் தண்டனையை உறுதிசெய்து, பாதிக்கப்பட்ட 18 பெண்களுக்குத் தலா 10 லட்சம் கொடுக்கச் சொன்னார், அதில் பாதியைக் குற்றவாளிகளிடம் வசூலிக்கவும் சொன்னார். மலர்வளையம் இல்லை, மைக் இல்லை.

கூடலூர்த் தம்பி, உங்களுக்கு: தாயகம் திரும்பியபோது அப்பாயிக்குக் கொடுத்த குடும்ப அட்டை இருந்தால் லேமினேட் செய்துவிடாதீர்கள், பழைய காகிதம் கெட்டுப்போகும். ஸ்கேன் செய்து மூன்று இடத்தில் வையுங்கள். அவர் பேச்சைப் போனில் பதிவு செய்யுங்கள், தோட்டத்தின் பெயர், டிவிஷன், பக்கத்து லயத்தில் யார் யார் என்று கேளுங்கள். அந்த விழாப் பந்தலுக்கு எவ்வளவு செலவு, பயனாளிகளுக்கு எவ்வளவு போனது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும், 30 நாளில் பதில் தர வேண்டும். நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், விரைவுத் தபாலில் அனுப்புங்கள்.

கூடலூர்ப் பேரன்:
நன்றி ஐயா, குடும்ப அட்டையை ஏற்கெனவே லேமினேட் செய்துவிட்டேன். ஒன்று கேட்கலாமா? நீங்களும் "உயிர்நீத்த 21 பேர்" என்றுதான் எழுதியிருக்கிறீர்கள்.

பண்ணைக்காட்டுப் பெரியவர்:
இப்போதுதான் பார்க்கிறேன். முப்பது வருடம் எழுதிய கை தம்பி.