உதவி: 8 சேனல் யூஎஸ்பி மிக்ஸர், ரீப்பரில் 2 டிராக் மட்டும் வருது. செட்டிங்கா, வேற வாங்கணுமா?

சங்கதி
வணக்கம். வீட்டுல கச்சேரி ரெக்கார்டிங். 8 சேனல் யூஎஸ்பி மிக்ஸர் வாங்கியிருக்கேன். எல்லா மைக்கும் வேலை செய்யுது, ஹெட்போன்ல நல்லா கேக்குது. ஆனா ரீப்பர்ல (கம்ப்யூட்டர்ல ரெக்கார்ட் பண்ற சாஃப்ட்வேர்) இன்புட் 1, 2 மட்டும்தான் காட்டுது. 3லேர்ந்து 8 வரைக்கும் லிஸ்ட்லயே இல்ல. எங்க மாத்தணும்? மாத்த முடியாதுன்னா 20 ஆயிரத்துக்குள்ள எது வாங்கலாம்? ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் வர்றாங்க, அவசரம்.

கேபிள்மணி
மிக்ஸர் மாடல் என்ன? விண்டோஸா மேக்கா? ஒரே நேரத்துல எத்தனை மைக், என்னென்ன வாத்தியம்? இந்த மூணும் இல்லாம யாரும் பதில் சொல்ல முடியாது.

பஃபர்128
டிரைவர் பிரச்சினைதான். ஆசியோ4ஆல்ங்கிற பொது ஆடியோ டிரைவரைப் போடுங்க. ரீப்பர்ல ஆப்ஷன்ஸ், பிரிஃபரன்ஸஸ், ஆடியோ, டிவைஸ் போய் ஆசியோ தேர்ந்தெடுத்து, ஃபர்ஸ்ட் இன்புட் 1, லாஸ்ட் இன்புட் 8ன்னு வைங்க. வந்துடும்.

பழைய டேப்
இந்தக் கேள்வி இங்கே மாதம் தவறாமல் வருகிறது. வாங்குவதற்கு முன் மேனுவலின் கடைசிப் பக்கத்தில் "யூஎஸ்பி 2 இன், 2 அவுட்" என்ற வரியைப் படித்திருந்தால் இந்த இழையே தேவையில்லை, தம்பி. 8 சேனல் என்பது மிக்ஸரின் முன்பக்கம். கம்ப்யூட்டருக்குப் போவது கலந்து முடித்த ஸ்டீரியோ மட்டும்.

ராகமாலிகா
அவர் சொல்வது சரி, ஆனால் காரணத்தையும் சொல்லிவிடலாம். இந்த வகை மிக்ஸரில் ஒவ்வொரு சேனலும் ப்ரீஆம்ப் (மைக் ஒலியைப் பெருக்குவது), ஈக்யூ, ஃபேடர், பான் (இடது, வலது திருப்புவது) எல்லாம் தாண்டி மெயின் பஸ் என்ற பொதுப் பாதையில் ஒன்றாகச் சேர்கிறது. சேர்ந்த இடது, வலது இரண்டைத்தான் உள்ளே இருக்கும் சிப் டிஜிட்டலாக மாற்றுகிறது. மூன்றாவது சேனலுக்கென்று கன்வெர்ட்டரே கிடையாது. இல்லாததை எந்த டிரைவராலும் கொண்டுவர முடியாது.

சோதிக்க ஒரு வழி: விண்டோஸ் சவுண்ட் செட்டிங்கில் ரெக்கார்டிங் பட்டியலைப் பாருங்கள். "யூஎஸ்பி ஆடியோ கோடெக்" என்று மட்டும் பெயர் வந்தால் பெரும்பாலும் பிசிஎம்2902 வகைச் சிப். ஸ்டீரியோ, 16 பிட், அதிகபட்சம் 48 கிலோஹெர்ட்ஸ்.

சங்கதி
விண்டோஸ் 10. ஆமா, யூஎஸ்பி ஆடியோ கோடெக்னுதான் வருது. மிக்ஸர் லோக்கல் பிராண்ட், பேர் சொன்னாலும் யாருக்கும் தெரியாது. பாட்டு, வயலின், மிருதங்கம், சுருதி. லேப்டாப் சார்ஜர் போட்டா ஒரு உறுமல் வேற வருது.

கேபிள்மணி
மிருதங்கத்துக்கு ஒரு மைக்கா ரெண்டா? மைக் எல்லாம் டைனமிக்கா கண்டென்சரா? சுருதி பெட்டியிலிருந்தா, போன் ஆப்பிலிருந்தா?

உறுமலுக்கு இப்பவே ஒண்ணு செஞ்சு பாருங்க. சார்ஜரைப் பிடுங்கிட்டு பேட்டரியில ஓட்டுங்க. உறுமல் நின்னா குற்றவாளி சார்ஜர். ரெண்டு பின் சார்ஜர்ல எர்த் கிடையாது, உள்ளே இருக்குற ஃபில்டர் கெபாசிட்டர் வழியா வர்ற கசிவு யூஎஸ்பி ஷீல்டு பிடிச்சு மிக்ஸருக்குள்ள வருது. ஞாயிற்றுக்கிழமை முழு சார்ஜ் ஏத்தி வச்சு, பேட்டரியிலேயே எடுங்க. நிரந்தரமா சரிபண்ண லேப்டாப், மிக்ஸர், ஸ்பீக்கர் மூணையும் எர்த் உள்ள ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டுல சொருகுங்க. எர்த் பின்னை உடைக்கச் சொல்லி யாராவது ஐடியா கொடுத்தா கேக்காதீங்க. மைக்கைக் கையில பிடிக்கிறவருக்கு ஷாக் அடிக்கும்.

பஃபர்128
சரி, சிப் ரெண்டு சேனல்னா விடுங்க. இதே மாதிரி இன்னொரு யூஎஸ்பி மிக்ஸர் கடன் வாங்கி ரெண்டையும் ஆசியோ4ஆல்ல சேர்த்தா 4 சேனல் கிடைக்குமே?

ராகமாலிகா
கிடைக்கும், ஆனால் ஒன்றோடொன்று நிற்காது. இரண்டு கருவிக்கும் தனித்தனி கிளாக், அதாவது பதிவின் வேகத்தை நடத்தும் கடிகாரம். 50 பிபிஎம் (பத்து லட்சத்தில் 50 பங்கு) வித்தியாசம் இருந்தாலே 10 நிமிடத்தில் 30 மில்லிசெகண்ட் விலகிவிடும். ஒரு கீர்த்தனை முடிவதற்குள் மிருதங்கச் சாப்பு பாட்டின் தாளத்தைவிட்டுத் தள்ளி விழும். மேக்கில் அக்ரிகேட் டிவைஸில் டிரிஃப்ட் கரெக்‌ஷன் இருக்கிறது, அதுகூட அவசரத்துக்குத்தான். மல்டிடிராக் என்றால் ஒரே கிளாக்கில் ஓடும் ஒரே பெட்டி வேண்டும்.

சங்கதி
மிருதங்கத்துக்கு ரெண்டு மைக். எல்லாம் டைனமிக், பாட்டுக்கு மட்டும் கண்டென்சர். சுருதி போன் ஆப்.

தொப்பிநாதம்
அப்படியென்றால் உங்களுக்குத் தேவை 4 மைக் ப்ரீஆம்ப்: பாட்டு 1, வயலின் 1, மிருதங்கத்தின் வலந்தலை (வலது முகம்) 1, தொப்பி (இடது முகம்) 1. சுருதிக்கு இன்புட் வேண்டாம். உங்கள் கட்டைக்குரிய தம்பூரா ஒலியை ஆப்பிலிருந்து வேவ் ஃபைலாக எடுத்து ரீப்பரில் ஒரு டிராக்கில் போட்டு, பாடுபவர், வயலின், மிருதங்கம் மூவருக்கும் ஹெட்போனில் கொடுங்கள். அறையில் சுருதி ஒலிக்காமல் இருந்தால்தான் பிறகு பாட்டின் ஒரு சங்கதியை வெட்டி ஒட்ட முடியும். மைக்கில் தம்பூரா கசிந்திருந்தால் வெட்டிய இடத்தில் மீட்டு துண்டாகி, ஒட்டு காதுக்குத் தெரிந்துவிடும்.

கடையில் எண்ணைப் பார்த்து ஏமாற வேண்டாம். ஸ்கார்லெட் 4ஐ4 என்று பெயர், ஆனால் மைக் ப்ரீஆம்ப் 2தான். மற்ற 2 லைன் இன்புட். அதில் மைக்கைச் சொருகினால் சத்தமே எடுக்காது. மூன்றாம் தலைமுறை ஸ்கார்லெட் 18ஐ8 என்பதில் 18 எப்படி வருகிறது? அனலாக் 8, டிஜிட்டல் வழிகளான எஸ்பிடிஐஎஃப் 2, அடாட் 8. அந்த அனலாக் 8இலும் மைக் ப்ரீஆம்ப் 4தான். பெட்டியில் இருக்கும் எண்ணை விட்டுவிட்டு "மைக் ப்ரீ எத்தனை" என்று மட்டும் கேளுங்கள்.

உங்கள் தேவைக்கு நேராக உட்காருவது பெரிங்கர் யூஎம்சி404எச்டி. காம்போ ஜாக் (மைக்கின் எக்ஸ்எல்ஆர், காலங்குல ஜாக் இரண்டும் ஏற்பது) 4, நான்கிலும் ப்ரீஆம்ப், 24 பிட், நான்கும் ரீப்பரில் தனித்தனி. மின்சாரம் தனி அடாப்டரிலிருந்து வருவதால் லேப்டாப் யூஎஸ்பி பவரின் கீச்சொலியும் குறையும். 20 ஆயிரத்துக்குள் கிடைக்கிறதா என்று இன்றைய விலை கேட்டுக்கொள்ளுங்கள்.

நீலாங்கரை
அதுல 48 வோல்ட் பேன்டம் (கண்டென்சர் மைக்குக்குக் கேபிள் வழியா போற கரண்ட்) நாலு சேனலுக்கும் ஒரே சுவிட்ச். பாட்டு மைக்குக்குப் போட்டா டைனமிக் மைக் எல்லாம் போயிடுமே?

தொப்பிநாதம்
போகாது. எக்ஸ்எல்ஆரின் 2, 3 பின் இரண்டிலும் ஒரே 48 வோல்ட் இருப்பதால் டைனமிக் காயிலுக்குள் மின்னோட்டம் பாயாது. கேபிள் பேலன்ஸ்டாக, ஷார்ட் இல்லாமல் இருந்தால் போதும். ஆபத்து எங்கே என்றால், ஒரு முனை எக்ஸ்எல்ஆர், மறுமுனை மோனோ ஜாக் என்று கட்டிய கேபிளில். வீணை கான்டாக்ட் பிக்கப்பையோ சுருதிப்பெட்டியையோ அப்படி இணைத்தால் 48 வோல்ட் நேராக அதற்குள் போகும். அவற்றை எப்போதும் காலங்குல ஜாக்கில் சொருகுங்கள், அங்கே பேன்டம் வராது. மைக்கைச் சொருகியபின் சுவிட்சைப் போடுங்கள், அணைத்தபின் கழற்றுங்கள், இரண்டு சமயமும் ஹெட்போன் வால்யூம் பூஜ்யத்தில் இருக்கட்டும்.

பழைய டேப்
நாலு மைக், நாலு டிராக், அப்புறம் உட்கார்ந்து ஒட்டுவது. கச்சேரி என்பது ஒரே மூச்சில் நடப்பது. நல்ல ஸ்டீரியோ ஜோடி ஒன்று, இரண்டு கண்டென்சர், 17 சென்டிமீட்டர் இடைவெளி, 110 டிகிரி கோணம், கலைஞர்களுக்கு முன்னால் ஐந்தடி. பேலன்ஸ் கேட்டு மிருதங்கத்தைப் பின்னே தள்ளி உட்காரவைத்தால் போதும். இரண்டு சேனல் மிக்ஸரே அதிகம். மிருதங்கத்துக்கு இரண்டு மைக் என்பது மேடைப் பழக்கம்.

தொப்பிநாதம்
நல்ல அறையில் ஒத்துக்கொள்கிறேன். பத்துக்குப் பன்னிரண்டு அடி சிமெண்ட் சுவர் அறையில், மொசைக் தரையில், ஐந்தடி தள்ளி மைக் வைத்தால் பாட்டைவிடச் சுவர்தான் அதிகம் பதிவாகும். அதைப் பிறகு எடுக்க வழியே இல்லை. வீட்டில் மைக்கைக் கிட்டே கொண்டுபோவதற்குக் காரணம் இதுதான்.

மிருதங்கத்தைப் பொறுத்தவரை, முன்னால் நடுவில் ஒரே மைக் வைத்தால் வலந்தலையின் மீட்டும் சாப்பும் வரும், தொப்பியின் கும்கி என்ற கனத்த அடித்தொனி பாதிதான் வரும். இரண்டு பக்கமும் ஒரு சாண் தள்ளி ஒவ்வொரு மைக் வைத்தால் இரண்டும் முழுசாக வரும்.

பழைய டேப்
இரண்டு மைக் வைத்துத் தொப்பி ஒலி மெலிந்துபோன பதிவுகளை நிறையக் கேட்டாயிற்று. அதற்கு என்ன சொல்கிறீர்கள்?

தொப்பிநாதம்
அது போலாரிட்டி. வலந்தலையை அடித்தால் அந்தத் தோல் தன் மைக்கைவிட்டு உள்ளே போகும், உள்ளே இருக்கும் காற்று தொப்பித் தோலை அதன் மைக்கை நோக்கி வெளியே தள்ளும். ஒரு மைக்கில் மேடு, மறு மைக்கில் பள்ளம். இரண்டையும் கூட்டினால் அடித்தொனி ஒன்றையொன்று தின்றுவிடும். ரீப்பரில் தொப்பி டிராக்கின் போலாரிட்டி பட்டனை ஒருமுறை அழுத்திக் கேளுங்கள், எந்த நிலையில் கும்கி கனமாக வருகிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள். தனித்தனி டிராக்காக இருந்தால்தான் இதைப் பிறகு செய்ய முடியும். மலிவு மிக்ஸரில் அந்தப் பட்டனே கிடையாது. நான் நாலு டிராக் கேட்பதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

பழைய டேப்
போலாரிட்டி விளக்கம் சரி. அறை நல்லதாக இருந்தால் ஸ்டீரியோ ஜோடிதான் என்பதில் எனக்கு மாற்றமில்லை.

கேபிள்மணி
சங்கதிக்கு ஞாயிற்றுக்கிழமை நெருங்குது, அதைச் சொல்லுங்கப்பா.

ராகமாலிகா
இருக்கும் மிக்ஸரை வைத்தே இரண்டு டிராக்கை உருப்படியாகப் பிரிக்கலாம்:

பாட்டு சேனலின் பான் முழு இடது. வயலின், மிருதங்கம் இரண்டின் பானும் முழு வலது. மிருதங்கத்துக்கு ஒரே மைக் போதும். மேலே சொன்ன போலாரிட்டித் தொல்லையை இந்த மிக்ஸரில் தீர்க்க முடியாது, இரண்டு மைக் வைத்தால் நஷ்டம்தான். தொப்பிப் பக்கம் சற்றே சாய்த்து, ஒரு முழம் தள்ளி வையுங்கள்.

விண்டோஸில் அந்த கோடெக்கின் பிராபர்ட்டீஸ், அட்வான்ஸ்டு போய் "2 சேனல், 16 பிட், 48000" இருக்கிறதா பாருங்கள். 1 சேனல் என்றிருந்தால் இடது வலது பிரியாது. ரீப்பர் பிராஜெக்டும் 48000 இருக்கட்டும். டிராக் 1க்கு மோனோ இன்புட் 1, டிராக் 2க்கு மோனோ இன்புட் 2. ஸ்டீரியோ இன்புட் வேண்டாம்.

மிக்ஸரின் ரிவெர்பை அணையுங்கள், பதிவில் ஒட்டிக்கொண்டால் போகாது. "யூஎஸ்பி டு மெயின்" அல்லது "2டிஆர் டு மெயின்" பட்டன் அழுந்தியிருந்தால், லேப்டாப்பிலிருந்து வருவது மறுபடி லேப்டாப்புக்கே போய் எதிரொலிக்கும். அதை வெளியே எடுத்து ஹெட்போனுக்கு மட்டும் அனுப்புங்கள். தம்பூரா டிராக்கும் அந்த வழியாகத்தான் கேட்கும். அந்தப் பட்டன் ஹெட்போனுக்குத் தனியாக இல்லையென்றால், சுருதியைப் போனிலிருந்து நேராக ஹெட்போனில் கொடுங்கள்.

வலது பக்கத்தில் வயலின், மிருதங்கம் பேலன்ஸ் பதிவுக்குப் பின் மாறாது. ஒரு பல்லவி எடுத்துக் கேட்டுச் சரிசெய்த பிறகு ஆரம்பியுங்கள். கெயினை மிருதங்கக்காரர் தனி ஆவர்த்தன மோரா வாசிக்கும்போது வையுங்கள், உச்சம் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டக் கூடாது. பக்கவாத்தியமாக வாசிக்கும் அளவுக்கு வைத்தால் தனியில் கிளிப் ஆகும், அதாவது ஒலியின் உச்சம் வெட்டுப்பட்டுக் கரகரக்கும்.

பஃபர்128
16 பிட்ல மைனஸ் 12 விட்டா சத்தம் தரம் போயிடாதா? 24 பிட் இல்லாம ரெக்கார்டிங்கே கூடாதுங்கிறாங்களே.

ராகமாலிகா
16 பிட்டின் வீச்சு 96 டெசிபல். 12 விட்டாலும் 84 மிச்சம். மின்விசிறி ஓடும் அறையின் இரைச்சல் அதற்கு வெகு மேலே நிற்கிறது. முதலில் விசிறியை நிறுத்துங்கள். 24 பிட்டின் லாபம், கெயினைத் தாராளமாகக் குறைத்து வைக்கலாம் என்பதுதான். அதற்காகவே புதிதாக வாங்கும்போது 24 பிட் எடுக்கச் சொல்கிறோம். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், 4 டிராக் என்றால் மணிக்கு சுமார் 2 ஜிபி. 96 கிலோஹெர்ட்ஸுக்குப் போனால் இரட்டிப்பு.

நீலாங்கரை
மிக்ஸர் வடிவமே வேணும்னா, சேனல் ஒவ்வொண்ணும் தனியா யூஎஸ்பியில போறது இருக்கா?

தொப்பிநாதம்
இருக்கிறது. ஜூம் லைவ்டிராக் எல்-8இல் மைக் 6, யூஎஸ்பி 12 இன் 4 அவுட், லேப்டாப் இல்லாமலே எஸ்டி கார்டில் தனித்தனி டிராக். சவுண்ட்கிராஃப்ட் சிக்னேச்சர் 12 எம்டிகே 14 இன் 12 அவுட். இரண்டும் இந்த பட்ஜெட்டுக்கு மேலே. யமஹா எம்ஜி10எக்ஸ்யூ நல்ல மிக்ஸர், ஆனால் யூஎஸ்பி 2 இன் 2 அவுட்தான். அதை வாங்கினால் சங்கதி நிற்கும் இதே இடத்தில் நிற்பீர்கள். பின்னாளில் தவில், நாகஸ்வரம், கடம் என்று கூடும் என்றால் யூஎம்சி1820: மைக் ப்ரீ 8, அடாட் வழியாக இன்னும் 8 சேர்க்கலாம்.

யூஎம்சி404எச்டியில் ஹெட்போன் ஜாக் ஒன்றே. மூவருக்கும் கேட்க எச்ஏ400 மாதிரி நாலு வழி ஹெட்போன் ஆம்ப் ஒன்று சேர்த்து வாங்குங்கள். பாடுபவருக்கு டைரக்ட் மானிட்டரில், அதாவது கம்ப்யூட்டருக்குப் போகாமல் பெட்டியிலிருந்து நேராகக் கொடுங்கள். ரீப்பர் வழியாகக் கொடுத்தால் பஃபர் 256 சாம்பிளில் ஒரு பக்கத்துக்கே 5 மில்லிசெகண்டுக்கு மேல், போக வர இரட்டிப்பு, அத்துடன் டிரைவர் தாமதம். பிருகா பாடும்போது அது தொந்தரவு செய்யும்.

சங்கதி
ஞாயிறு முடிஞ்சது. பாட்டு இடது, மத்தது வலது, ரெண்டும் தனியா வந்தது. விண்டோஸ்ல 1 சேனல்னுதான் இருந்தது, மாத்தினேன். பேட்டரியில உறுமல் இல்ல. 404 சொல்லி வச்சிருக்கேன். எல்லாருக்கும் நன்றி.

கேபிள்மணி
நல்லது. 404 வந்ததும் பெரிங்கர் தளத்திலிருந்து அவங்க ஆசியோ டிரைவரையே போடுங்க, ஆசியோ4ஆல் இருந்தா எடுத்துடுங்க. பாட்டு கண்டென்சர் மைக் எந்த மாடல்? பேட் (சத்தத்தைக் குறைக்கிற) சுவிட்ச் இருக்கா?

நீலாங்கரை
வயலினுக்கு எங்க மைக் வச்சீங்க, மேல இருந்தா, எஃப் துளைக்கு எதிராவா? பாட்டு டிராக்ல வயலின் எவ்வளவு கசிஞ்சிருக்கு?