ஃபிப்த் வீல் ஹிட்ச்: தமிழில் என்ன போடலாம்? (வெள்ளிக்குள் வேண்டும்)

பசுமலை:

கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம். கப்பலூர்ப் பட்டறை ஒன்றுக்காக ஒரு கையேட்டைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். அமெரிக்கப் பிக்கப் வண்டிகளின் பின்பாடியில், டிரெய்லரை மாட்டி இழுப்பதற்காகப் பொருத்தும் ஃபிப்த் வீல் ஹிட்சுக்கு இவர்கள் தட்டும் சட்டமும் அடித்து அனுப்புகிறார்கள். தாங்கள் அடிக்கிற சாமான் கடைசியில் எங்கே போய் எப்படி உட்காருகிறது என்று ஆட்களுக்குத் தெரிந்தால் வேலை சுத்தமாக இருக்கும் என்கிறார் முதலாளி. நல்ல எண்ணம்தான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அச்சுக்குப் போகிறது.

எந்திர மொழிபெயர்ப்பில் போட்டுப் பார்த்தேன். "டிரக்கின் படுக்கையில் துளையிட்டு ஐந்தாவது சக்கரத் தடங்கலை நிறுவவும்" என்று வந்தது. படுக்கையைப் பாடி என்று மாற்றிவிட்டேன். மற்றதற்கு உங்கள் உதவி வேண்டும். மூன்று சொற்கள்: முழுக் கருவிக்கு ஒன்று, டிரெய்லரின் அடியில் தொங்கும் கிங் பின்னுக்கு ஒன்று, அந்தப் பின் வழியாகப் பிக்கப் மேல் இறங்கும் எடைக்கு ஒன்று.

கொக்கி என்று எழுத மனம் வரவில்லை. கொக்கி இழுக்கும், அவ்வளவுதான். இது இழுப்பதோடு சுமக்கவும் செய்கிறது. டிரெய்லர் எடையில் 15 முதல் 25 விழுக்காடு வரை இந்தத் தட்டின் மேல் இறங்கும். 4,000 கிலோ டிரெய்லர் என்றால் 600 முதல் 1,000 கிலோ. அதனால்தான் இதைப் பம்பருக்குப் பின்னால் மாட்டாமல், பின் அச்சுக்கு நேர் மேலேயோ சற்று முன்னாலோ பாடிக்குள் வைக்கிறார்கள். கொக்கி என்று படிக்கிற ஆளுக்கு இது புரியாது.

ஒத்தக்கடை:

அக்கா, பட்டறைல இதுக்குப் பேரு ஃபிப்த் வீல். தூத்துக்குடி ஹார்பர்ல இருந்து கண்டெய்னர் ஏத்திக்கிட்டு ரிங் ரோட்டுல வர்ற நாப்பதடி டிரெய்லர்ல இருக்குதே, அதேதான். டிரைவர்கிட்ட வேற பேரச் சொன்னா நம்மளைத்தான் ஒரு மாதிரி பாப்பான்.

ஆனா கிங் பின்னை மட்டும் அப்படியே விட்றாதீங்க. இங்க மெக்கானிக்குக்குக் கிங் பின்னுன்னா முன் ஆக்சில்ல வீல் திரும்புறதுக்கு நிக்கிற பின். "கிங் பின் புஷ் தேஞ்சுபோச்சு"ன்னு தினமும் பேசுறது அதைத்தான். டிரெய்லர் அடியில இருக்குறது வேற. பெரிய வண்டிக்கு 50 மில்லி, 90 மில்லின்னு ரெண்டு சைசு. உங்க பிக்கப் சமாச்சாரத்துக்கு ரெண்டு இஞ்சு. ரெண்டுக்கும் ஒரே பேரப் போட்டீங்கன்னா பையங்க முன் ஆக்சிலைக் கழட்டிருவாங்க.

மேலூர்:

அன்புடையீர், சக்கரம் வடசொல் என்பதை இக்குழுவில் முன்பே பேசியிருக்கிறோம். நம்மிடம் ஆழி, திகிரி, உருளி எனப் பல இருக்கின்றன. ஆழிக்குக் கடலும் மோதிரமும் பொருளாவதால் 'ஐந்தாம் ஆழி' குழப்பும். அதை நானே விலக்குகிறேன். பலரும் மறந்த ஒரு சொல் 'கால்'. "கடலோடா கால்வல் நெடுந்தேர்" என்ற 496ஆம் குறளில் கால் என்பது சக்கரமே. எனவே ஐந்தாங்கால். 'ஐங்கால்' என்று சுருக்கிவிடாதீர்கள், அது ஐந்து கால் என எண்ணுப்பெயராகிவிடும். இங்கே வேண்டியது வரிசைப் பெயர்.

அடுத்து, பின் என்பதற்கு ஆணி. இதன் வேர் 'ஆழ்' என்பது என் கருத்து. ஆழ இறங்குவது ஆணி. இருக்கு வேதத்திலும் தேர் அச்சின் முளைக்கு ஆணி என்றே வருகிறது. இங்கிருந்து அங்கே போனது என்பது என் துணிபு. 667ஆம் குறளின் அச்சாணியை நினைத்துக்கொள்ளுங்கள். அச்சின் கடையில் இருப்பது கடையாணி. கிங் என்னும் தலைமைப் பொருள் தோன்ற இதைத் தலையாணி எனலாம்.

திருப்பரங்குன்றம்:

> இதைத் தலையாணி எனலாம்

ஐயா, நான் தொழிற்பயிற்சி வகுப்பு எடுக்கிறவன். மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் உள்ள வகுப்பில் "தலையாணியில் கிரீஸ் தடவு" என்று சொன்னால் பையன்கள் அதையே வைத்துப் படுத்துவிடுவார்கள். மதுரையில் தலையாணி என்றால் தலையணைதான்.

ஐந்தாங்கால் கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கேட்கிறவனுக்குப் பந்தக்கால் நினைவுக்கு வரும். ஐந்தாம் சக்கரம் என்று நேரே போட்டாலும் சிக்கல். நான்கு சக்கர வண்டியில் ஐந்தாவது எது என்று கேட்டால் நூற்றுக்கு நூறு பேர் ஸ்டெப்னி என்பார்கள்.

மேலூர்:

ஸ்டெப்னி என்றதும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. புறநானூறு 102இல் உமணர் உப்பு வண்டியின் கீழே "சேம அச்சு" கட்டிக்கொண்டு போகிறார்கள். பள்ளத்தில் இறங்கினாலும் மேட்டில் ஏறினாலும் என்ன ஆகுமோ என்ற முன்னெச்சரிக்கை. ஔவையார் காட்டும் அந்தச் சேம அச்சுதான் தமிழின் முதல் ஸ்டெப்னி. சேமச்சக்கரம் என்று நாம் ஏன் வழங்கக்கூடாது?

பசுமலை:

ஐயா, ஸ்டெப்னிக்குத் தனி இழை தொடங்குவோமா? எனக்கு வெள்ளிக்கிழமை கெடு.

ஸ்கார்பரோ:

எல்லாருக்கும் வணக்கம். யாழ்ப்பாணத்தான், கனடாவில இருக்கிறன். இந்தச் சாமானை என்ர பிக்கப்பில நானே பூட்டினனான், அதால சொல்லுறன்.

பேர் வந்த கதை குதிரை வண்டிக் காலத்தது. நாலு சில்லு வண்டியில முன் அச்சு இடம் வலம் திரும்ப வேணும். அதுக்காக அச்சுக்கு மேல ஒரு இரும்பு வளையத்தைப் படுக்க வச்சிருப்பினம். பாத்தால் ஐஞ்சாவது சில்லு மாதிரி. இப்ப இருக்கிறது சில்லே இல்லை: நடுவில வெட்டு விட்ட தட்டு, பின்னைக் கவ்வுற தாடை, ஒரு கைபிடி. பேர் மட்டும் ஒட்டிக்கொண்டு வந்திட்டுது. ஆனபடியால் சில்லை மொழிபெயர்க்கிறதில பிரயோசனமில்லை.

பூட்டுற விதத்தைப் பாத்தால் சொல் தானா வரும். பாடிக்குக் குறுக்கால ரெண்டு சட்டம். அதைப் பாடித் தகரத்தில மட்டும் முடுக்கினால் பாரம் தாங்காது, தகரம் கிழிஞ்சுபோகும். கீழ சேசிஸில பிராக்கெட் வச்சு, போல்ட் தகரத்தை ஊடறுத்துச் சேசிஸோட சேர வேணும். தகரத்தில நெளிவு இருக்கிறபடியால் இடையில ஸ்பேசர் குடுக்காட்டில் போல்ட்டை இறுக்க இறுக்கத் தகரம் அமுங்கும். துளை போட முதல் வண்டிக்கு அடியில படுத்துப் பாக்க வேணும், பெற்றோல் தாங்கி, பிரேக் குழாய், வயர் எல்லாம் அங்கதான் ஓடுது. மேலயிருந்து கண்ணை மூடிக்கொண்டு ட்ரில் இறக்கக் கூடாது. பாடி கட்டையான பிக்கப் எண்டால் முறிச்சுத் திருப்பேக்க டிரெய்லரின்ர மூக்கு கேபின் கண்ணாடியில இடிக்கும். அதுக்குப் பின்னால சறுக்கி விடுற மாதிரி வேற ஒரு வகை இருக்கு.

எங்கட பக்கம் பாகம் பொருத்துறதையே பூட்டுறது எண்டுதான் சொல்லுவம். அதால என்ர வாக்கு 'பூட்டு'.

திருப்பரங்குன்றம்:

பூட்டு எனக்கும் பிடித்திருக்கிறது. இங்கேயும் வண்டி பூட்டு, ஏர் பூட்டு என்கிறோம். சிறுவர்க்கும் புரியும்.

பசுமலை:

நானும் முதலில் அதைத்தான் போட்டேன். 14ஆம் பக்கம் வந்ததும் நின்றுவிட்டேன். கைபிடியைத் தள்ளித் தாடையை மூடியபின் ஒரு பூட்டு மாட்டச் சொல்கிறது. "பூட்டைப் பூட்டியபின் பூட்டின் கைபிடியில் பூட்டைப் பூட்டவும்." இதை எழுதிவிட்டு எழுந்து போய்க் காபி போட்டேன்.

மேலூர்:

அப்படியானால் 'தொடுப்பு' என்பதைக் கருதலாம். தொடு என்னும் வினையடியாகப் பிறந்த தொழிற்பெயர். பூத்தொடுத்தல், அம்பு தொடுத்தல் இரண்டிலும் இணைப்புப் பொருள் உண்டு.

ஒத்தக்கடை:

ஐயா மன்னிக்கணும். "வண்டிக்கு ஒரு தொடுப்பு இருக்கு"ன்னு நான் பட்டறைல சொன்னா சாயங்காலத்துக்குள்ள விசயம் எங்க வீட்டுக்குப் போயிரும்.

திருப்பரங்குன்றம்:

நான் வகுப்பில் சொல்லவே முடியாது.

வேறொன்று யோசித்தேன். திருகை. கீழ்க்கல் நிற்கிறது, மேல்கல் சுற்றுகிறது, நடுவில் முளை. இங்கும் கீழ்த்தட்டு பிக்கப்போடு நிற்கிறது, மேல்தட்டு டிரெய்லரோடு திரும்புகிறது, நடுவில் பின். திருகைப்பூட்டு? திருகைத்தட்டு?

பசுமலை:

திருகையில் முளை கீழ்க்கல்லில் இருக்கும். இதில் பின் மேலேயிருந்து இறங்குகிறது, கீழே இருப்பது கவ்வுகிற தாடை. படத்தோடு சேர்த்துப் படிக்கிறவருக்குத் தலைகீழாகத் தெரியும். தவிர, பட்டறையில் இருக்கும் இருபது வயதுப் பையன்களில் எத்தனை பேர் திருகையைப் பார்த்திருப்பார்கள்?

மேலூர்:

பார்த்திராவிட்டால் என்ன? கலைச்சொல் என்பது கற்பிக்கவும்தானே? அவர்கள் ஃபிப்த் வீலையும் பிறக்கும்போதே பார்த்துவிடவில்லை. புரிகிறதா புரிகிறதா என்று கேட்டுக்கேட்டே அரை நூற்றாண்டாய்ச் சொற்களைக் கைவிட்டிருக்கிறோம். பேருந்து வந்தபோதும் சிரித்தார்கள். இன்று அரசுப் பேருந்து என்று பலகையிலேயே எழுதியிருக்கிறது.

ஒத்தக்கடை:

பலகைல எழுதியிருக்கு ஐயா. ஏறுறவங்க பஸ்ஸுன்னுதான் ஏறுறாங்க.

உசிலம்பட்டி:

இத்தனை நாளும் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். எங்கப்பா கடைசிவரைக்கும் மாட்டுவண்டி ஓட்டியவர். அந்த எடை விசயத்துக்கு எதற்குப் புதுச்சொல்? வண்டிக்காரர்கள் சொல்வது முன்பாரம், பின்பாரம். மூட்டையை முன்னால் தள்ளி அடுக்கினால் முன்பாரம், மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்னால் போய்விட்டால் பின்பாரம், ஏர்க்கால் மேலே தூக்கும், ஏற்றத்தில் மாட்டுக்குக் கழுத்துக்கயிறு இறுகும். கொஞ்சம் முன்பாரம் இருந்தால்தான் வண்டி பேச்சுக் கேட்கும். நீங்கள் சொல்லும் 15 முதல் 25 விழுக்காடு அந்த முன்பாரம்தான். குறைந்தாலும் கெடுதி, கூடினாலும் கெடுதி.

இன்னொன்று. நம்மிடம் இந்தக் கருவிக்குப் பழைய சொல் ஏன் இல்லை என்று தேடவே வேண்டாம். நம் வண்டிக்கு இரண்டு சக்கரம். மாடு திரும்பினால் வண்டி திரும்பும், அச்சு தனியாகத் திரும்பத் தேவையில்லை. நான்கு சக்கரத்துக்குத் தேரைச் சொல்லலாம், அதிலும் அச்சு திரும்பாது. சித்திரைத் தேர் மாசி வீதி முக்கில் முட்டுக்கட்டை போட்டுப் போட்டுத்தான் திரும்புகிறது. இல்லாத பொருளுக்குச் சொல் இருக்காது.

ஆனால் இழுப்பும் சுமையும் ஒரே இடத்தில் விழுகிற பொருள் நம்மிடம் இருந்தது. நுகத்தடி. மாடு அதில்தான் இழுக்கிறது, முன்பாரத்தையும் அதில்தான் வாங்குகிறது. அதைச் சொல்லிப் பாருங்கள்.

பசுமலை:

முன்பாரம்! இதைவிட நல்ல சொல் கிடைக்காது. 9ஆம் பக்கத்தில் ஐந்து இடத்தில் வருகிறது, ஐந்திலும் மாற்றிவிட்டேன். "டிரெய்லரின் முன்பாரம் பிக்கப்பின் தாங்குதிறனுக்குள் இருக்க வேண்டும்." ஒரு வார்த்தை விளக்கம் தேவைப்படவில்லை.

நுகத்திலிருந்து நுகத்தட்டு என்று வைத்துக்கொண்டால்? அடியில் தொங்கும் பின்னுக்குத் தொங்காணி. தலையாணியை ஐயா விட்டுக்கொடுக்க வேண்டும்.

ஸ்கார்பரோ:

நுகத்தட்டு நல்லாயிருக்கு. இஞ்ச கொக்கி வகைக்கும் இதுக்கும் வித்தியாசம் தெரியாமல் சனம் கடையில நிண்டு தடுமாறுது. தமிழில முதலே வித்தியாசம் காட்டினால் நல்லதுதானே.

மேலூர்:

தொங்காணியை ஏற்கிறேன். தொங்கு ஆணி, வினைத்தொகை, புணர்ச்சியும் முறையாக இருக்கிறது. முன்பாரத்துக்கு உசிலம்பட்டியாருக்கு என் வணக்கம். "பீலிபெய் சாகாடும் அச்சிறும்" என்ற குறள் உங்கள் 9ஆம் பக்கத்துக்கு உரை எழுதினாற்போல் இருக்கிறது.

நுகத்தில்தான் தடை. நுகம் வடமொழி யுகத்தின் திரிபு என்று சொல்வோர் உண்டு. சக்கரத்தை வெளியே அனுப்பிவிட்டு யுகத்தை உள்ளே அழைப்பது என்ன நியாயம்?

உசிலம்பட்டி:

ஐயா, நீங்கள் சொன்ன அதே 102ஆம் புறப்பாட்டின் முதல் அடி "எருதே இளைய நுகமுணராவே". ஔவையாருக்கு ஆகும், நமக்கு ஆகாதா?

மேலூர்:

சங்கப் பாட்டில் வந்துவிட்டதாலேயே எல்லாம் தனித்தமிழாகிவிடாது. அது வேறு வழக்கு. நுகத்துக்கு 'நுழை' என்ற வேரைக் காட்டலாமா என்று இரவெல்லாம் பார்த்தேன். கழுத்து நுழைவதால் நுகம். ஆனால் ழகரம் ககரமாகத் திரிந்ததற்குச் சான்று கிட்டவில்லை. கிட்டினால் எழுதுகிறேன். கிட்டும் வரை என் பரிந்துரை சுமைப்பூட்டு.

திருப்பரங்குன்றம்:

சுமைப்பூட்டு என்றால் மறுபடி 14ஆம் பக்கப் பிரச்சினை வருமே ஐயா. நுகத்தட்டுக்கு என் வாக்கு. வாக்கு என்றுகூட இல்லை, அடுத்த வாரம் வகுப்பில் சொல்லிப் பார்க்கிறேன்.

ஒத்தக்கடை:

நுகத்தட்டுன்னா பரவால்ல, வாயில வருது. ஆனா முதல் தடவை ஃபிப்த் வீல்னும் போட்டுருங்க அக்கா. பெட்டி மேல அதுதான் அடிச்சிருக்கும். பார்ட் வாங்கப் போறவன் கடையில நுகத்தட்டுன்னு கேட்டா டிராக்டர் கடைக்குக் கைகாட்டுவாங்க. அப்புறம் இன்னொரு விசயம் கையேட்டுல இருக்கா பாருங்க. தாடை மூடிருச்சுன்னு கண்ணால பாத்தா மட்டும் பத்தாது. டிரெய்லர் பிரேக்கைப் பிடிச்சுக்கிட்டு, ஊன்றுகாலைத் தூக்குறதுக்கு முன்னாடி, பிக்கப்பை மெல்ல முன்னால இழுத்துப் பாக்கணும். சில நேரம் பின்னு தாடைக்குள்ள இறங்காம தட்டு மேல ஏறி உக்காந்துக்கும், வெளியருந்து பாத்தா மாட்டுன மாதிரியே தெரியும்.

பசுமலை:

இருக்கிறது தம்பி, 15ஆம் பக்கம். "இழுத்துப் பார்த்தல்" என்றே போட்டிருக்கிறேன், அதற்குக் கலைச்சொல் யாரும் கேட்காதீர்கள்.

இன்று மதியம் அனுப்பிவிட்டேன். அட்டையிலும் முதல் பக்கத்திலும் ஃபிப்த் வீல், அதை அடுத்து எல்லா இடத்திலும் நுகத்தட்டு, தொங்காணி, தாடை, முன்பாரம். சேசிஸ், பிராக்கெட், போல்ட், ஸ்பேசர் அப்படியே இருக்கின்றன. பட்டறை மேற்பார்வையாளர் ஒருமுறை படித்துவிட்டு, முன்பாரத்துக்கு ஒன்றும் சொல்லவில்லை, நுகத்தட்டுக்கு மட்டும் "இது யாரு வச்ச பேரு" என்று கேட்டார். குழு வைத்தது என்றேன்.

மேலூர்:

குழு வைத்தது என்று பொதுவாகச் சொல்லியது சரியன்று. நால்வர் உடன்பட்டார்கள், நான் உடன்படவில்லை. தமிழக அரசின் கலைச்சொல் தொகுப்பான சொற்குவைக்கு அனுப்புவதாக இருந்தால் சுமைப்பூட்டையும் மாற்றுச்சொல்லாகச் சேர்த்து அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறேன். சுமை என்பதன் பின் பகரம் மிகும், ஒற்றை விட்டுவிடாதீர்கள்.