ஆபீஸ் மெயில் லாகின்களை ஸ்கிரிப்ட் வைத்துச் சோதிக்கலாமா?

சர்வர்சாமி:
ஆபீஸ் மெயில் கணக்குகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. யார் பாஸ்வேர்டு காலாவதியாகிவிட்டது என்று பார்க்க ஒரு பைதான் ஸ்கிரிப்ட் வைத்திருக்கிறேன், தினமும் காலையில் ஐமேப் (மெயில் ஆப்கள் சர்வரிலிருந்து மெயிலை எடுக்கும் முறை) வழியாக ஒவ்வொரு கணக்கிலும் நுழைந்து உடனே வெளியே வந்துவிடும், ஒரு மெயிலைக்கூடத் திறக்காது. இப்போது பாதிப் பேருக்குச் சந்தேகமான லாகின் என்று எச்சரிக்கை வருகிறது, சிலர் கணக்கு லாக் ஆகிவிட்டது. இதற்கென்றே ரெடிமேடாக ஒரு செக்கர் இருக்கிறதாம், பிராக்ஸி (நம் முகவரியை மறைக்கும் இடைச் சர்வர்) மாற்றி மாற்றிப் போகுமாம், பிளாக் ஆகாதாம். போடலாமா?

பூட்டுக்காரன்:
வேண்டவே வேண்டாம். பிராக்ஸி மாற்றிப் போகும் செக்கர் பெரும்பாலும் திருட்டுப் பட்டியலுக்காக எழுதியது. ஏதோ ஒரு தளத்திலிருந்து கசிந்த ஈமெயில், பாஸ்வேர்டு ஜோடிகளை, மெயிலுக்கும் அதையேதான் வைத்திருப்பார்கள் என்ற நம்பிக்கையில் வரிசையாகப் போட்டுப் பார்ப்பார்கள். கிரெடென்ஷியல் ஸ்டஃபிங் என்பது இதுதான். 2019 ஜனவரியில் தெரியவந்த 'கலெக்‌ஷன் 1' என்ற கசிவுத் தொகுப்பில் மட்டும் சுமார் 77 கோடி ஈமெயில் முகவரிகள் இருந்தன. இலவச செக்கர்களில் சில, நீங்கள் கொடுக்கும் பட்டியலையே சத்தமில்லாமல் எழுதியவனுக்கு அனுப்பிவிடும்.

உங்கள் நல்ல எண்ணம் சர்வருக்குத் தெரியாது. ஒரே ஐபி, சில நொடிகளில் பல கணக்குகள், நுழைந்ததும் லாக்அவுட். திருடனும் அதையேதான் செய்வான், பிளாக் பண்ணியதில் தப்பே இல்லை.

சர்வர்சாமி:
சரி, ஆனால் எல்லாருக்கும் டூ ஸ்டெப் போட்டிருக்கிறோமே, பாஸ்வேர்டு வெளியே போனாலும் என்ன ஆகிவிடும்?

நள்ளிரவுலாக்:
வெறும் பாஸ்வேர்டில் போகும் ஐமேப், அதைப் போன்ற பாப் லாகினில் ஓடிபி கேட்கும் திரையே வராது. டூ ஸ்டெப் வெப் பக்கத்தில் மட்டும் காவல் காத்துக்கொண்டிருக்கும், ஆள் பின்பக்கமாக உள்ளே போய்விடுவான். அதனால்தான் மைக்ரோசாஃப்ட் 2022 அக்டோபரிலிருந்து தன் மெயில் சேவையான எக்ஸ்சேஞ்ச் ஆன்லைனில் பேசிக் ஆத்தை (வெறும் பாஸ்வேர்டை அனுப்பி நுழையும் இந்த முறையை) நிறுத்த ஆரம்பித்தது, கூகுளும் அதே வருடம் மே கடைசியில் தனிநபர் கணக்குகளுக்கு அந்த வழியை மூடியது. ஆப் பாஸ்வேர்டுகூட (ஒரு ஆப்புக்கென்று தனியாக உருவாக்கும் பாஸ்வேர்டு) இல்லாமல் உங்கள் ஸ்கிரிப்ட் இன்னும் ஓடுகிறது என்றால் உங்கள் சர்வரில் அது திறந்தே கிடக்கிறது, நானாக இருந்தால் முதலில் அதைத்தான் மூடுவேன். மெயில் போனால் மெயிலோடு நிற்காது, மற்ற எல்லாத் தளங்களின் பாஸ்வேர்டு ரீசெட் லிங்கும் அங்கேதான் வந்து விழும்.

கமாண்ட்லைன்:
அதெல்லாம் இருக்கட்டும், எல்லாருடைய பாஸ்வேர்டும் உங்கள் கையில் எப்படி இருக்கிறது? அட்மினுக்கே அது தெரியக்கூடாது. காலாவதி விவரம் அட்மின் பக்கத்திலேயே கிடைக்கும், அதற்கு லாகின் பண்ணிப் பார்க்கத் தேவையில்லை. சர்வர் ஓடுகிறதா என்று பார்க்க, உள்ளே ஒன்றும் இல்லாத ஒரே ஒரு டெஸ்ட் கணக்கு போதும். ஸ்கிரிப்ட் மெயிலைப் படித்தே ஆகவேண்டும் என்றால் ஓஆத் டோக்கன் (பாஸ்வேர்டுக்குப் பதிலாக ஸ்கிரிப்டுக்குக் கொடுக்கும் அனுமதிச் சீட்டு) வாங்குங்கள், வேண்டாதபோது அதை மட்டும் ரத்து செய்துவிடலாம், பாஸ்வேர்டு ஸ்கிரிப்ட் பக்கமே வராது.

சர்வர்சாமி:
மேலாளர் எல்லாரிடமும் கேட்டு வாங்கி எக்செல் ஷீட்டில் போட்டுக் கொடுத்தார். ஷேர்டு டிரைவில் இருக்கிறது.

கமாண்ட்லைன்:
ஐயா சாமி! முதலில் எல்லாரையும் பாஸ்வேர்டு மாற்றச் சொல்லுங்கள், இன்றைக்கே. அப்புறம் அந்த ஷீட்டை அழியுங்கள், பேக்கப்பில் இருப்பதையும் சேர்த்து. டிரைவில் அதை யார் யார் திறந்தார்கள் என்று ஹிஸ்டரி இருந்தால் பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள்.